மீதி ஐந்து மில்லி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இந்தக் கதையில் பாதிதான் நான் என் கண்ணால் பார்த்தது. மற்ற பாதி எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் சொன்னது. சிஸ்டருக்கு, இந்தக் கதையில் வருகிற ஓர் அம்மாவின் மகள் சொன்னது. வாய் மாறி வந்ததில் ஒன்றிரண்டு வார்த்தை கூடக் குறைய இருக்கலாம். எது பார்த்தது, எது கேட்டது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே வருகிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

நீங்கள் பையிலிருந்து அந்தச் சொட்டு மருந்தை எடுத்துக் காட்டி, "தொறந்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் போடலாமாம்மா?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதனால்தான் இதெல்லாம் வாயில் வருகிறது. போடாதீர்கள் அக்கா. பேருந்தை விட்டு இறங்கியதும் குப்பையில் போட்டுவிடுங்கள். ஆமாம், நான் பார்மசிஸ்ட்தான். பெயர் தையல்நாயகி. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர். கல்லூரியில் 'தையல் மிஷின்' என்பார்கள். பழகிவிட்டது.

வேலை ஒரு கண் ஆஸ்பத்திரியில். ஊர்ப் பெயர் வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், அன்வர்தீன் சார். ஜெசிந்தா சிஸ்டர். மருந்தகத்துக்கு நான் ஒருத்திதான். சுற்றிலும் வயல். தை, மாசி வந்தால் கருவிழியில் புண்ணோடு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நெல் சுணை கண்ணில் பட்டிருக்கும். இரண்டு நாள் கசக்குவார்கள், மூன்றாம் நாள் தாய்ப்பால் விடுவார்கள், நாலாம் நாள் எங்களிடம் வருவார்கள். அதற்குள் கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்திருக்கும். அதற்கு, கடையில் விற்கிற சொட்டு மருந்து பத்தாது. செஃபசோலின் என்று ஓர் ஊசி மருந்து இருக்கிறது. குப்பியில் பொடியாக வரும். அதைச் சுத்தமான நீரில் கரைத்துக் காட்டமான சொட்டு மருந்தாக மாற்ற வேண்டும். அதை எந்தக் கம்பெனியும் செய்து விற்பதில்லை. அன்றன்றைக்கு நாங்கள்தான் கலக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும்.

ஒரு குப்பியைக் கரைத்தால் பத்து மில்லி வரும். ஒருவருக்குக் கொடுக்கிற சின்னப் பாட்டிலில் ஐந்து மில்லி பிடிக்கும். ஆக, ஒரு குப்பி இரண்டு பேருக்கு. இது மட்டும் நினைவில் இருந்தால் போதும் அக்கா, மற்ற கணக்கெல்லாம் தேவையில்லை.

போன தை மாதம் அந்த ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. வாரத்துக்கு இருபது குப்பி கேட்டால் நான்கு வரும். அதே சமயத்தில்தான் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தட்டுப்பாடு என்று சொல்லி யாரோ எங்கோ மொத்தமாகக் கலக்கி, நாள் கணக்கில் வைத்திருந்து, அது கெட்டுப்போய், போட்டவர்களுக்குக் கண்ணில் சீழ் பிடித்துவிட்டதாம். அதனால் இனிமேல் பெயர் எழுதிய நோயாளிக்கு மட்டும், டாக்டர் சீட்டு வந்த பிறகு மட்டும் கலக்க வேண்டும். யாருக்கு, எந்தக் குப்பி, எத்தனை மணி, மீதி என்ன ஆயிற்று, எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். மீதியை அழித்துவிட வேண்டும். அதே நாளில் இன்னொரு நோயாளிக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அவருக்குக் கொடுக்கலாம். சுற்றறிக்கையில் தப்பே கிடையாது அக்கா. நான் அதை ஏழு தடவை படித்தேன். எனக்கு மனப்பாடம்.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் பதிவேட்டில் வரியை முதலில் எழுதிவிடுவேன், அப்புறம்தான் கலக்கப் போவேன். கையுறை போட்டுவிட்டால் பேனாவைத் தொட முடியாது. கலக்கி முடித்தவுடன் நாலு பேர் ஜன்னலில் நிற்பார்கள், மறந்துவிடும். மறந்துபோன ஒரு வரிக்காக எனக்கு முன்னால் இருந்தவருக்கு மெமோ வந்தது. அதனால் முன்கூட்டியே முழு வரியையும் எழுதிவிடுவேன். நோயாளி பெயர், குப்பி எண், கொடுத்தது ஐந்து மில்லி, மீதி ஐந்து மில்லி அழிக்கப்பட்டது, நேரம், கையெழுத்து. எழுதியதை அப்படியே செய்துவிடுவேன். ஒரு தடவைகூட எழுதியது ஒன்று, செய்தது ஒன்று என்று இருந்ததில்லை. அந்தப் பதிவேட்டில் ஒரு பொய் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அடித்தல் திருத்தலும் கிடையாது. அதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா அரவை மில்லில் மூட்டை தூக்குகிறவர். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அவரும் நானும் தாலுகா ஆபீசுக்குப் பதினொரு தடவை நடந்தோம். அப்பா பெயரின் இனிஷியலை ஒருவர் தப்பாக எழுதி, அவரே அடித்துத் திருத்திக் கொடுத்தார். இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டு, "அடிச்சுத் திருத்தியிருக்கு, செல்லாது" என்று மேசைமேல் தள்ளிவிட்டார். அப்பா அந்தக் காகிதத்தை எடுத்து வேட்டியில் துடைத்தார். அழுக்கு என்று நினைத்தாரோ என்னவோ. அன்றிலிருந்து எழுத்தை அடிக்க எனக்குக் கை வராது.

சரி, அது நடந்த திங்கட்கிழமைக்கு வருகிறேன். இது நான் பார்த்தது.

காலையில் கையிருப்பில் ஒரே ஒரு குப்பி. அடுத்தது புதன்கிழமைதான் வரும். பதினொன்றரை மணிக்கு நவநீதம் என்று வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் சீட்டோடு வந்தார். கண்ணில் பொறி பட்டுப் புண். நான் வரியை எழுதினேன். மீதி ஐந்து மில்லி அழிக்கப்பட்டது, 11.40. கையெழுத்துப் போட்டேன். உள்ளே போய்க் கலக்கினேன். அவருடைய பாட்டிலை நிரப்பி, லேபிள் ஒட்டிக் கொடுத்தேன். மீதி ஐந்து மில்லி சிரிஞ்சில் இருந்தது, மூடி போட்டு. அதைத் தட்டில் வைத்துவிட்டு அவருக்கு எப்படிப் போடுவது என்று சொல்ல வெளியே வந்தேன். அவர் ஆயிரம் கேள்வி கேட்டார். கள்ளு குடிக்கலாமா என்றுகூடக் கேட்டார். அப்புறம் ஜன்னலில் கூட்டம். கையிலிருந்த போனில் மருந்தாளுநர் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'இன்ஸ்பெக்டர் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார், மதியம் உங்கள் பக்கம்.'  அலமாரியைத் துடைத்தேன், காலாவதி மருந்துகளைப் பார்த்தேன், வெப்பநிலை அட்டையைச் சரி பார்த்தேன். சிரிஞ்சு தட்டிலேயே இருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு ஜெசிந்தா சிஸ்டர் ஓர் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பவுனம்பாள். ஐம்பது வயது இருக்கும். முந்தானையால் வலது கண்ணைப் பொத்தியிருந்தார். கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது சுணை அடித்திருக்கிறது. இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு கண்தான்.

டாக்டர் காலையிலேயே பார்த்து, "செஃபசோலின், மணிக்கு ஒரு சொட்டு, ராத்திரியும் போடணும்" என்று சீட்டு எழுதிவிட்டு அறுவை அரங்குக்குப் போய்விட்டார். சீட்டில் கையெழுத்து இருந்தது. கையெழுத்து இருந்தால் மீதியைக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்க வருவது எனக்குத் தெரியும் அக்கா. இருங்கள், சொல்கிறேன்.

"மருந்து தீர்ந்துபோச்சு சிஸ்டர். புதன்கிழமைதான் வரும்" என்றேன்.

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்னடி தையலு, தட்டுல இருக்கே."

"அது நவநீதத்தோட மீதி சிஸ்டர்."

"அவரு மீதியா? அவரு என்ன சொத்தா எழுதி வெச்சுட்டுப் போனாரு? புது பாட்டில்ல ஊத்திக் குடு."

"பதிவேட்டுல எழுதிட்டேன் சிஸ்டர். அழிச்சாச்சுன்னு."

"அழிக்கலியே. கண்ணு முன்னால இருக்கு."

"எழுதியாச்சே. பதினொண்ணு நாப்பதுன்னு நேரம் போட்டாச்சு."

"அதை அடிச்சுட்டு இதை எழுது."

"அடிக்கக் கூடாது சிஸ்டர். மத்தியானம் இன்ஸ்பெக்டர் வர்றாரு. ஒரே குப்பி, ஒரு வரியில அழிச்சதுன்னு இருக்கு, அடுத்த வரியில குடுத்ததுன்னு இருக்கு, அப்ப ரெண்டுல ஒண்ணு பொய்தானே? மருந்தகத்துக்கு சீல் வெச்சுட்டா?"

சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தியேட்டருக்குப் போய் சாரைக் கேட்டுட்டு வர்றேன். பத்து நிமிஷம். அதுவரைக்கும் கை வைக்காத" என்றார்.

அந்தப் பத்து நிமிடத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன். சார் கொடுக்கச் சொல்வார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் சொல்லிவிட்டால் நான் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் நான் எழுதியது பொய்யாகிவிடும். அப்புறம் அந்த வரி என் கையெழுத்தோடு அங்கேயே கிடக்கும். இதுதான் மனதில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை. தட்டை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். பிளீச்சிங் கரைத்த வாளிக்கு மேலே பிடித்துச் சிரிஞ்சை அழுத்தினேன். சத்தம்கூட வரவில்லை. அதற்குப் பிறகு பதிவேட்டில் இருந்தது முழு உண்மை. நேரம் மட்டும் நாற்பத்தைந்து நிமிடம் முன்பின்.

பவுனம்பாள் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றார். பொத்திய கண்ணோடு, "என்னம்மா, மருந்து கரைக்கிறியா?" என்று கேட்டார். 

சிஸ்டர் திரும்பி வந்தார். "குடுக்கச் சொல்லிட்டாரு, வெளிய வந்ததும் ரெஜிஸ்டர்லயும் கையெழுத்துப் போடறேன்னாரு" என்றார். தட்டைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.  என்னை எப்போதும் கிண்டல் செய்கிறவர் அக்கா அவர். 'மெஷினு, எண்ணெ போட்டியா?' என்பார். அன்றிலிருந்து 'தையல்நாயகி' என்று முழுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

ஆனால் நான் சும்மா இருந்துவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஆறு தடவை போட்டுத்தான் எடுத்தார்கள். அங்கே மருந்து இருப்பு இருந்தது. சிஸ்டரிடம் சொல்லிப் பரிந்துரைச் சீட்டு வாங்கித் தந்தேன். அதுவரைக்கும் போட்டுக்கொள்ளச் சாதாரணச் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்தேன். பேருந்து நேரம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றே காலுக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று.

"இன்னிக்கே போகணுமாம்மா?" என்று கேட்டார் பவுனம்பாள்.

"இன்னைக்கே போங்கம்மா."

"நெல்லு களத்துல கெடக்கு. டோக்கன் போட்டு எட்டு நாளாச்சு. இன்னிக்கோ நாளைக்கோ எட போடுவாங்க. வானம் வேற மூடிக்கிட்டு நிக்குது. ஆளு இல்லாட்டி அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"போயிடுங்கம்மா" என்றேன். "கண்ணு போயிடும்" என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நான் மருந்தாளுநர்தானே? நோயைப் பற்றி நான் பேசக் கூடாது. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் நான் கேட்டது.

பவுனம்பாள் பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போனாராம். ஆனால் ஏறியது களத்துக்குப் போகிற பேருந்தில். அதுதான் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்களே, இரண்டு நாள் தாங்கும் என்று நினைத்திருக்கிறார். நான் கொடுத்த சாதாரண மருந்தை மணிக்கொரு தடவை தவறாமல் போட்டுக்கொண்டாராம். செவ்வாய்க்கிழமை தூறல். தார்ப்பாயை இழுத்து மூடினார்களாம். புதன்கிழமை சாயங்காலம் எடை போட்டார்கள். கோணி தைக்கும்போது அந்த அம்மா வாய்ப்பக்கத்தைக் கையால் தடவித் தடவித் தைத்தாராம். மகள் கலைமதி, "என்னம்மா இவ்ளோ நேரம்?" என்று அதட்டியிருக்கிறாள். "தைக்கிறேன்டி, ஊசி மொக்கையா இருக்கு" என்றாராம். கலைமதி இதைச் சொல்லும்போது ஜெசிந்தா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஊசியை மாத்திக் குடுத்தேன் சிஸ்டர், வேற ஊசிய எடுத்துக் குடுத்தேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாளாம்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார்கள். கருவிழியில் ஓட்டை விழுந்துவிட்டது. அங்கே மருந்து போட்டார்கள், எல்லாம் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அன்றைக்கு வரவில்லை அக்கா. அடுத்த வாரம் வந்தார். பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்தத் திங்கட்கிழமை வரியில் அவர் விரல் ஒரு நொடி நின்றது.  அப்புறம் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "ரொம்ப சுத்தமா மெயின்டெயின் பண்றீங்கம்மா. ஒரு அடித்தல் இல்லை. இந்த ஜில்லாவுல இப்படி ஒரு ரெஜிஸ்டரை நான் பார்த்ததில்லை" என்றார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். நான் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா மில்லில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அன்வர்தீன் சாருக்குக் கண் போன விஷயம் தெரிந்தபோது என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "தியேட்டர் கதவு பூட்டியா இருந்துச்சு, தையல்நாயகி? கொட்டறதுக்கு முன்னாடி நீயே வந்து ஒரு தட்டு தட்டியிருக்கலாமேம்மா" என்றார். நான், "சார், மருந்து போட்டிருந்தா கண் நின்னிருக்குமா?" என்று கேட்டேன். "யாரும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார். யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த அம்மா அன்றைக்கே தஞ்சாவூர் போயிருந்தால்? நான் பேருந்து நேரம்கூட எழுதிக் கொடுத்தேனே. ஒன்றே காலுக்குப் பேருந்து அன்றைக்கு ஓடியதா என்று பணிமனையில் விசாரித்தேன். ஓடியிருக்கிறது. இடம்கூடக் காலியாக இருந்ததாம்.

என்ன அக்கா, அப்படிப் பார்க்கிறீர்கள்?

சிஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுனம்பாளைப் பார்க்கப் போயிருந்தார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை, அரசு வேலைத் தேர்வு ஒன்றுக்குப் படிக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா சிஸ்டரிடம் என்னைப் பற்றித்தான் விசாரித்தாராம். "அந்த மருந்து குடுக்கிற பொண்ணு நல்லா இருக்கா? பாவம், எனக்காக ஆறு தடவ போன் போட்டுச்சு. பெத்த பொண்ணுகூட அப்படிச் செய்யாது. நாந்தான் அது பேச்சைக் கேக்காம நெல்லு நெல்லுன்னு போயிட்டேன்" என்றாராம். சிஸ்டர் இதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எதிர்பார்த்தார் என்று தெரியவில்லை. "நல்ல மனசு" என்றேன். சிஸ்டர் எழுந்து போய்விட்டார்.

நான் பொய் எழுதவில்லை அக்கா. அதை யாரும் சொல்ல முடியாது. என் பதிவேட்டில் இருக்கிறது எல்லாம் நடந்தது. நடந்தது எல்லாம் இருக்கிறது. ஆனாலும் எதையும் சரி பார்க்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் சுபாவம் அது. ஐந்து மில்லி என்பது என்ன பெரிய அளவு, ஒரு டீஸ்பூன், அதில் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே இருப்பதற்குப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது, அதே மாதிரி காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து, அதில் ஐந்து மில்லி வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, மூடியைத் திருகிக் கவிழ்த்து, ஒவ்வொரு சொட்டாகத் தட்டில் விட்டு எண்ணினேன். ஒரு தடவை எண்ணினால் தப்பலாம் என்று மூன்று தடவை எண்ணினேன்.

நூற்றுப் பன்னிரண்டு சொட்டு இருந்தது அக்கா. திங்கட்கிழமை பன்னிரண்டரை மணியிலிருந்து வியாழக்கிழமை காலை எட்டரை வரைக்கும், மணிக்கு ஒன்று வீதம் அறுபத்தொன்பது சொட்டுதான் செலவாகியிருக்கும். தஞ்சாவூரில் இறங்கும்போது அந்த அம்மாவின் கையில் இன்னும் நாற்பத்து மூன்று சொட்டு இருந்திருக்கும்.